பாசிக்கு என்ன மாற்று?

கேள்வி: நுண்பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் டீசலுக்கு மாற்றாகிவிடும் என்கிறார்களே, எப்போது?

பதில்: 'மாற்று' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். தங்கத்தின் தரத்துக்கு அந்தப் பெயர் உண்டு. கட்டளைக்கல்லில் உரசி மாற்றுப் பார்ப்பார்கள். சொக்கத் தங்கம் பத்தரை மாற்று. முன்பு இங்கே ஓர் உதவி ஆசிரியர் இருந்தார். பத்தரை மாற்று என்றால் கடையில் பத்து தடவை மாற்றிய நகை என்றே நம்பிக்கொண்டிருந்தார். அப்போது அந்த அரை? "பதினோராவது தடவை கடைக்காரர் பாதியில் மறுத்திருப்பார் சார்" என்றார். அதை அச்சிலும் ஏற்றிவிட்டார். இரண்டு மாதம் கண்டனக் கடிதங்கள் வந்தன, எல்லாம் என் பெயருக்கு. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சரி, பாசியை உரசுவோம். வேதியியலில் தேறிவிடும். அதன் எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்தால் பயோடீசல். எஞ்சினும் முகம் சுளிக்காது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. வில்லன் தண்ணீர்தான். திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி, அதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்று வையுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 5,000 லிட்டருக்கு மேல் தண்ணீரை வடித்தும் சுழற்றியும் பாசியைப் பிரிக்கவேண்டும். அந்த மின்சாரத்தை யார் தருவது? எண்ணெய் அதிகம் வேண்டுமென்றால் நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போடவேண்டும். அப்போது கொழுக்கும், ஆனால் பெருகாது. (பட்டினி கிடந்தும் கொழுக்கிற ஜீவன் இருக்கிறதே என்று என் டாக்டரிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.)

'எப்போது' என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 1978-இல் பாசி ஆராய்ச்சியைத் தொடங்கி, சுமார் 3,000 வகைகளைச் சேகரித்து, 1996-இல் கடையைக் கட்டியது. எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் விலை டீசலைப்போல் இரண்டு மடங்கு வந்தது. 2009-இல் எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 60 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்தது. 2025-க்குள் தினமும் 10,000 பீப்பாய் எடுக்கும் திறன் வந்துவிடும் என்றது. பச்சைப் பசேலென்று விளம்பரங்கள் ஓடின. 2023-இல் நைசாகக் கழன்றுகொண்டது.

சோலாசைம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை இன்னும் வேடிக்கை. சூரிய ஒளியே வேண்டாம் என்று பாசியை இருட்டுத் தொட்டியில் போட்டு, சர்க்கரை ஊட்டி வளர்த்தது. அமெரிக்கக் கடற்படைக்கு எரிபொருளும் கொடுத்தது. அப்புறம் முகப்பூச்சுக்குத் தாவியது. கெட்டிக்காரத்தனம்தான். முகத்துக்குப் பூசுகிறவர் லிட்டர் விலை கேட்பதில்லை, டீசல் போடுகிறவர் சில்லறை வரை எண்ணுவார். ஆனாலும் பெயரை மாற்றிக்கொண்டு 2017-இல் திவாலானது.

ஆக, பாசிக்கு என்ன மாற்று போடலாம்? விலை இரண்டு மடங்கு என்றால் மாற்று பாதி. ஐந்தே கால். அந்தக் கால் எங்கிருந்து வந்தது என்று உதவி ஆசிரியரைத்தான் கேட்கவேண்டும்.