பத்து நாளில் வரும் நட்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த விடுமுறையில் முதல்முறையாக வெளியே தங்கும் கோடை முகாம் ஒன்றுக்கு அனுப்பினோம். பத்து நாள். திரும்பி வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் அழுகிறாள். அங்கே பழக்கமான இரண்டு பெண்களைப் பற்றியே பேச்சு. ஒருத்தி வேறு ஊர், இன்னொருத்திக்குத் தாய்மொழியே வேறு. ஐந்தாறு வருடமாக ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளிடம் இல்லாத நெருக்கம் பத்து நாளில் எப்படி வரும்? இதெல்லாம் அந்த நேரத்து உணர்ச்சி, ஒரு மாதத்தில் அடங்கிவிடும் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களோடு பேச போன் கேட்கிறாள், கொடுக்கலாமா? அடுத்த வருடமும் அதே முகாமுக்குத்தான் போவேன் என்கிறாள். ரோபோட்டிக்ஸ், மேடைப்பேச்சு என்று பயனுள்ளதாக ஏதாவது கற்றுத்தரும் இடத்தில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

குழந்தை வளர்ப்பு பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சில வாரங்களாக முஸாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் கோடை முகாம்களில் நடத்திய சோதனைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். முன்பின் தெரியாத பிள்ளைகள் எப்படி ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்கிறார்கள் என்ற கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

பத்து நாளில் எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்குக் குடிபோன பெரியவர்களையும் முதலாண்டு கல்லூரி மாணவர்களையும் வைத்துச் செய்தது. அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வர ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பது அவர் கண்டது. வகுப்பிலும் அலுவலகத்திலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை. தூங்கும் நேரம் போக முகாமில் ஒரு நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்று வையுங்கள். பத்து நாளில் 150. பள்ளி இடைவேளையில் நாளுக்கு அரை மணி நேரம் பேசிக்கொள்ளும் இரண்டு பிள்ளைகள் இந்த 150ஐ எட்ட 300 பள்ளி நாட்கள் வேண்டும். உங்கள் மகள் ஒரு கல்வியாண்டுக்கும் மேலான பழக்கத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதைப் போய் அந்த நேரத்து உணர்ச்சி என்கிறீர்கள்.

சரி, மணிக்கணக்கை விடுங்கள். மணிக்கணக்கு மட்டும் போதும் என்றால் நெடுந்தூர ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாரும் உயிர் நண்பர்கள் ஆகியிருப்பார்கள்.

ஷெரீஃபின் சோதனைக்கு வருகிறேன். 1954 கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில் ஒரு முகாம். பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்கள். ஒருவரையொருவர் முன்னால் தெரியாது. இரண்டு அணியாகப் பிரித்துத் தனித்தனியே தங்கவைத்தார்கள்; முதல் வாரம் இன்னொரு அணி இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. அப்புறம் போட்டி வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஒருவர் கொடியை ஒருவர் எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. இனி அதைத் தீர்க்க வேண்டும். இரண்டு அணியையும் ஒன்றாக உட்காரவைத்துப் படம் காட்டினார்கள், ஒரே கூடத்தில் சாப்பிடவைத்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? சாப்பாட்டை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள்.

பிறகுதான் ஆய்வாளர்கள் தண்ணீர் வருவதை நிறுத்தினார்கள். தொட்டியிலிருந்து வரும் குழாயில் எங்கே அடைப்பு என்று எல்லாரும் சேர்ந்து தேடினால்தான் குடிக்கத் தண்ணீர். இன்னொரு நாள் சாப்பாடு வாங்கிவரப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை. பையன்கள் ஒரு கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். சில நாட்களுக்கு முன் இரண்டு அணியாக நின்று கயிறு இழுக்கும் போட்டியில் பிடித்த அதே கயிறு. இந்த முறை எல்லார் கையும் ஒரே பக்கம். முகாம் முடிந்தபோது ஒரே பேருந்தில் ஊர் திரும்புகிறோம் என்று அவர்களே கேட்டார்கள். வழியில் ஓர் அணி, தான் பரிசாக வென்றிருந்த 5 டாலரை எடுத்து இரண்டு அணிக்கும் சேர்த்தே குடிக்க வாங்கிக்கொடுத்தது.

பிள்ளைகளிடம் சொல்லாமல் அவர்களை வைத்து நடத்திய இந்தச் சோதனையை நான் ஏற்கவில்லை. ஆனால் அது காட்டிக்கொடுத்ததை மறுக்கவும் முடியவில்லை. கூடிச் சிரித்ததால் அந்தப் பையன்கள் ஒட்டவில்லை. இவன் கை இல்லாமல் என் வேலை நடக்காது என்ற நிலை வந்தபோதுதான் ஒட்டினார்கள்.

இதைவிட முக்கியமானது இதற்கு முந்தைய வருடம் நடந்தது. 1953இல் நியூயார்க் மாநிலத்தில் மிடில் குரோவ் என்ற இடத்தில் ஷெரீஃப் இதே சோதனையைச் செய்து பார்த்தார். அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, பிறகு பிரித்தார்கள். பிரித்தபின் மூட்டிவிட என்னவெல்லாமோ செய்தார்கள். துணிகளை ஒளித்தார்கள், கூடாரத்தைச் சாய்த்தார்கள், பழி அடுத்த அணிமேல் விழட்டும் என்று காத்திருந்தார்கள். விழவில்லை. பையன்கள் ஒருவரோடு ஒருவர் பேசித் தெளிந்தார்கள். சந்தேகம் பெரியவர்கள் பக்கம் திரும்பியது. சோதனையைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் சேர்ந்திருந்த சில நாள் பழக்கம் அது. அதை உடைக்க, அதையே தொழிலாகக் கொண்டவர்களால் முடியவில்லை. நீங்கள் பத்து நாளை அற்பம் என்கிறீர்கள்.

எனக்கும் ஒரு முகாம் உண்டு. பதின்மூன்று வயதில் போனது. அங்கே விளையாடியது, பாடியது எல்லாம் மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. மங்காமல் இருப்பது ஓர் அண்டா. பாத்திரம் கழுவுவது முறைவைத்து வரும், இரண்டிரண்டு பேராக. அந்த அண்டாவுக்குள் கையை நீட்டினால் அடி எட்டாது. படுக்கப்போட்டு, ஒருவன் தலையையும் தோளையும் உள்ளே நுழைத்துத் தேய்க்க வேண்டும். இன்னொருவன் அது உருண்டுவிடாமல் முழங்காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்னோடு முறை வந்தவன் அதுவரை யாரிடமும் அதிகம் பேசாதவன். உள்ளே தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். குரல் அண்டாவுக்குள் முழங்கி வெளியே வந்தது. அவன் அம்மாவுக்குப் பெரிய வியாதி. அதனால்தான் அவனை முகாமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை, பிடியை விடாமல் இருந்தேன். அவன் வெளியே வந்தபோது நெற்றியிலும் காதிலும் கரி அப்பியிருந்தது. அடுத்த முறை நான் உள்ளே போனேன், எனக்குச் சொல்ல இருந்ததைச் சொன்னேன். அது என்ன என்பதை அவனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதமாட்டேன்.

நேருக்கு நேர் உட்காரவைத்து, உன் மனதில் இருப்பதைச் சொல் என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. கை ஒரு வேலையில் இருக்க வேண்டும், கண் வேறு எங்காவது இருக்க வேண்டும். அப்போது வாய் தானாகத் திறக்கும். கூடாரத்துக்கு முளை அடிக்கும்போது, விறகு பொறுக்கும்போது, விளக்கணைத்த பிறகு இருட்டில் படுத்துக்கொண்டு. நல்ல முகாம் நடத்துபவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வேலைக்கு ஆள் வைக்கக் காசு இருந்தாலும் பிள்ளைகளையே செய்யவைக்கிறார்கள். எங்கள் பிள்ளையைப் பாத்திரம் கழுவவைத்தார்கள் என்று புகார் எழுதும் பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த பணத்துக்குக் கிடைத்ததிலேயே உயர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

அவனும் நானும் சில வருடம் கடிதம் எழுதிக்கொண்டோம். பிறகு நின்றுபோனது. நெடுங்காலம் தொடர்பே இல்லை. என் மனைவி மருத்துவமனையில் இருந்தபோது யார் சொல்லியோ கேள்விப்பட்டு வந்தான். பார்க்க வந்த எல்லாரும் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன். இவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இப்ப என்ன வேலை பாக்கி இருக்கு?” என்றான். கையிலிருந்த மருந்துச் சீட்டை அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டான். எங்களுக்குள் விட்டுப்போன வருடங்களைப் பற்றி அன்று நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனவே, உங்கள் மகளின் நட்பு நிலைக்குமா என்று கேட்டால், தினமும் பேசுகிறார்களா என்று நான் பார்க்கமாட்டேன். போன் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் வீட்டு ஏற்பாடு, நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். இன்னொரு பெண்ணுக்கு மொழி வேறு என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் அரைகுறை மொழியில் எதையும் பேசிவிடுவார்கள்.

பயனுள்ளதாக ஏதாவது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் அழைத்துவந்து, இடையில் ஒரு சான்றிதழ் வாங்கித்தரும் வகுப்புக்குக் கோடை முகாம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மேசை, தனிப் பெட்டி, தனிப் பாடம். பக்கத்துப் பிள்ளை வராவிட்டாலும் இவள் வேலை நடக்கும். வீட்டுக்கு வந்து அவள் யாருக்காகவும் அழமாட்டாள். அதுதான் உங்களுக்கு வேண்டுமா? ரோபோட்டிக்ஸை இருபது வயதிலும் கற்றுக்கொள்ளலாம்.

முகாம் நட்பால் என்ன பயன் என்று இன்னும் கேட்பீர்களானால், ஒன்றைச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஜெனட் என்று ஒரு முகாம் இருந்தது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கானது. போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த ஜூடி ஹியூமன் என்ற சிறுமி ஒன்பது வயதிலிருந்து கோடைதோறும் அங்கே போனார், பதினெட்டு வயது வரை. வீட்டில் ஒருவர் தூக்கிவிட வேண்டும் என்றால் அது தொந்தரவு. அங்கே எல்லாருக்கும் யாராவது ஒருவர் தேவைப்பட்டதால் கூச்சமில்லாமல் கேட்கப் பழகினார்கள். இரவெல்லாம் பேசினார்கள். 1977 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் போய் உட்கார்ந்தார்கள். பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டப் பிரிவு 1973இலேயே வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் அரசு இழுத்தடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போனவர்கள் ஏறக்குறைய நான்கு வாரம் தரையில் படுத்து, ஒருவருக்கு ஒருவர் ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துத் தாக்குப்பிடித்தார்கள். ஏப்ரல் 28இல் கையெழுத்தானது. முன்னின்று நடத்தியவர் ஜூடி ஹியூமன். ஜெனட்டில் பழகியவர்கள் சிலர் அந்தத் தரையில் அவரோடு இருந்தார்கள். அந்தக் கோடைகளில் அவரை யாராவது பயனுள்ள வகுப்புக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போனார். வருடத்துக்கு ஓர் இடம் என்று மாற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அறிமுகத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் மகளுக்கு இது யாரும் சொல்லாமலே புரிந்திருக்கிறது. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். புரிய வேண்டியது எதுவும் அவளிடம் பாக்கி இல்லை.

பாவம், அழட்டும். பிரிந்ததற்கு அழுகிறாள், அழ வேண்டியதுதான். அடங்கிவிடும் என்று இனி ஒருமுறைகூட அவளிடம் சொல்லாதீர்கள். அங்கே மூன்று பேரும் சேர்ந்து என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். முதலில் முறைத்துக்கொண்டு இருப்பாள். அவளோடு எதையாவது மடித்துவைத்துக்கொண்டோ துடைத்துக்கொண்டோ கேட்டால் சொல்வாள்.

முக்கியமான ஒன்று. இந்த முகாம்கள் ஒரே கோடையில் பல தொகுதிகளாக நடக்கும். ஒருத்தி முதல் தொகுதியிலும் இன்னொருத்தி மூன்றாவதிலும் போய் மாட்டிக்கொண்டால் அடுத்த வருடம் பாழ். அந்த இரண்டு பெண்களின் வீட்டு எண்ணை வாங்கி, பெற்றோரிடம் நீங்களே பேசுங்கள். மூன்று பேருக்கும் ஒரே தேதியில் இடம் கேளுங்கள். பதிவு எப்போது தொடங்குகிறது என்று இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.