ஒரு நாளைக்கு ஒரு நகம்

கேள்வி: எங்கள் வீட்டில் சிட்டு என்றொரு குட்டி ரக நாய் இருக்கிறாள். நான்கு வயது, ஐந்து கிலோ எடை. மற்ற எல்லாவற்றிலும் தங்கம். நகவெட்டி இருக்கும் அலமாரியைத் திறந்தால் மட்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். போன வருடம் ஒரு நகத்தை ஒட்ட வெட்டி ரத்தம் வந்துவிட்டது, அதிலிருந்துதான் இப்படி. சென்ற மாதம் என் கணவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் வெட்டப் போனேன். கையில் பல் பட்டுவிட்டது, நல்லவேளை காயமில்லை. இப்போது அவள் நடந்தாலே தரையில் டக் டக்கென்று சத்தம் கேட்கிறது. இன்னும் இறுக்கிப் பிடித்து வெட்டிவிடுவதா, தூங்கும்போது வெட்டுவதா, அப்படியே விட்டுவிடுவதா? நகங்கள் கறுப்பு நிறம் என்பதால் எதுவரை வெட்டுவது என்றும் தெரியவில்லை. – ஒரு வாசகி

பதில்: மூன்றுமே வேண்டாம்.

தூங்கும்போது வெட்டலாமே என்பது நியாயமான யோசனைதான், கைக்குழந்தைக்கு அப்படித்தானே வெட்டுகிறோம். ஆனால் குழந்தை விழித்துக்கொண்டால் அழும், அவ்வளவுதான். ஏற்கெனவே பயந்த நாய் திடுக்கிட்டு விழித்தால் முதலில் முந்துவது வாய். அதோடு போகாது. அப்புறம் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே அவள் எழுந்து போய்விடுவாள்.

அப்படியே விடுவதும் சரியில்லை. தரையில் சத்தம் கேட்கிறதென்றால் ஒவ்வொரு அடியிலும் நகம் தரையில் இடித்து விரலை மேலே தள்ளுகிறது என்று பொருள். நாய் பாதத்தைச் சரியாக ஊன்றாமல் நடக்கப் பழகும், வழவழப்பான தரையில் சறுக்கும். நகம் நீள நீள அதற்குள் இருக்கும் சதையும் கூடவே நீண்டுகொண்டு வரும் என்பது இன்னொரு சிக்கல். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அடுத்த முறை வெட்டுவதை இன்னும் கடினமாக்குகிறது.

இறுக்கிப் பிடிப்பது பற்றி நான் அனுபவத்தில் சொல்லலாம். பல வருடங்களுக்கு முன் என் நாயைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பதினெட்டு நகங்களையும் பத்தே நிமிடத்தில் வெட்டி முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் என்னைக் காலைத் தொடவே விடவில்லை, மழையில் நனைந்து வந்தால் பாதத்தைத் துடைக்கக்கூட. சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். உங்கள் சிட்டுவும் அடம்பிடிக்கவில்லை, ஞாபகம் வைத்திருக்கிறாள். இன்னொன்று, குட்டி ரகங்களில் பின்னங்கால் முட்டிச்சில்லு இடம்விட்டு நகரும் கோளாறு சகஜம். அப்படிப்பட்ட காலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் வெட்டுவதற்கு முன்பே வலி தொடங்கிவிடும்.

சரி, என்னதான் செய்வது? ‘ஒரே உட்காரலில் எல்லா நகமும்’ என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நகம்கூட வெட்டாதீர்கள். சிட்டு ரொம்பவே ஆசைப்படும் தின்பண்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மிளகளவுத் துண்டுகளாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இந்த வேலைக்கு மட்டும்தான், வேறு எப்போதும் கிடைக்கக் கூடாது. தினம் இரண்டு நிமிடம் போதும். தோளைத் தொடுங்கள், ஒரு துண்டு கொடுங்கள். அவள் அசையாமல் இருக்கப் பழகியதும் முழங்கை, அப்புறம் பாதம், அப்புறம் ஒரே ஒரு விரலை லேசாக அழுத்துவது. எப்போதும் தொட்ட பிறகுதான் துண்டு. முன்னதாகவே நீட்டினால், தின்பண்டத்தைப் பார்த்ததும் ‘வெட்டப் போகிறார்கள்’ என்று புரிந்துகொண்டு அதையும் சேர்த்து வெறுக்க ஆரம்பித்துவிடுவாள்.

நகவெட்டிக்கும் இதே பாடம்தான். முதலில் அது சும்மா தரையில் கிடக்கட்டும், சிட்டு முகர்ந்து பார்த்தால் ஒரு துண்டு. பிறகு அதன் சத்தம். பிறகு வெட்டாமல் நகத்தில் ஒட்டி எடுப்பது. அவள் உதட்டை நக்கினால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், உடம்பு விறைத்தால், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால் அன்றைக்கு அதற்குமேல் போக வேண்டாம். மறுநாள் அதற்கு முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். பழைய நகவெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வடிவத்தில், வேறு சத்தத்தில் ஒன்று வாங்குவது நல்லது, பழையதோடு அவளுக்குப் பகை. குட்டி நாய்களுக்கென்று வரும் சிறிய கத்திரி வகை போதும். மனிதர்களுக்கான நகவெட்டி தட்டை நகத்துக்கு ஆனது, நாயின் உருண்டை நகத்தை அது நசுக்கும். முனை மழுங்கிய கத்திரியும் அதையேதான் செய்யும். ரத்தமே வராவிட்டாலும் அந்த நசுங்கல் வலிக்கும்.

இதெல்லாம் பழகியபின் ஒரு நாள், ஒரு நகம். முனையை மட்டும் வெட்டி, ஒரு கை நிறையத் தின்னக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். அவள் அடுத்த பாதத்தை நீட்டினாலும் வேண்டாம் (நீட்ட மாட்டாள், கவலைப்படாதீர்கள்). தினம் ஒன்று வெட்டினால் மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அதற்குள் முதல் நகம் மறுபடி தயாராக இருக்கும்.

கறுப்பு நகத்துக்கு வருவோம். வெளிர் நகமாக இருந்தால் உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் சதை இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும். கறுப்பில் அது தெரியாது, அதனால் சீவிச் சீவித்தான் போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வெட்டிவிட்டு, வெட்டிய முகத்தைப் பாருங்கள். வறண்டு, வெளிறிப்போய், சுண்ணாம்புத் துண்டைப் போல இருந்தால் இன்னும் இடமுண்டு. நடுவில் சற்று ஈரப்பசையோடு, அடர்ந்த நிறத்தில் ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அதற்கு அடுத்தது சதைதான். நகம் இன்னும் நீளமாகத் தெரிகிறதே என்று ஆசைப்படாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் உள்சதை மெல்ல மெல்லப் பின்வாங்கும். விரலிடுக்கு ரோமத்தை ஒதுக்கிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், காலை அது இயல்பாக மடங்கும் திசையிலேயே, தாழ்வாகப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். கணவரும் உதவட்டும், துண்டோடு அல்ல, தின்பண்டத்தோடு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ரத்தம் வரலாம். ரத்தம் நிறுத்தும் பொடியோ, அது இல்லையென்றால் சோள மாவோ பக்கத்தில் இருக்கட்டும். நகத்தின் நுனியில் அப்பி, சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று நொடிக்கொரு தரம் துடைத்துப் பார்த்தால் நிற்காது. கால் மணி நேரத்துக்குமேலும் கசிந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நகவெட்டியே ஆகாது என்றால் உப்புத்தாள் ஒட்டிய பலகை ஒன்று செய்யலாம். முன்னங்காலால் அதைப் பிறாண்டினால் தின்பண்டம் என்று பழக்கினால், அவளே அவளுடைய நகத்தைத் தேய்த்துக்கொள்வாள். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, நாய்க்கும் விளையாட்டாக இருக்கும். பின்னங்காலுக்குத்தான் அவ்வளவாக உதவாது. மின்சாரத்தில் ஓடும் நகத்தேய்ப்பானும் உண்டு, ஆனால் அதன் இரைச்சலுக்கும் அதிர்வுக்கும் தனியாகப் பழக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓரிரு விநாடிக்குமேல் வைத்தால் சூடேறும். சிட்டுவுக்கு இப்போதைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு மாதம் பொறுமையாகச் செய்தும் ஒரு படி நகரவில்லை, மறுபடி கடிக்க வருகிறாள் என்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். பாதத்திலோ மூட்டிலோ வலி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பயத்தைத் தணிக்க, முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன, எடைக்கேற்ப அவர்தான் எழுதித் தர வேண்டும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் பாதியாகக்கூட உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று, முன்னங்காலின் உட்பக்கம் சற்று மேலே, கட்டைவிரல் மாதிரி தனியாக நிற்கும் நகம். அது தரையில் படாது, அதனால் தானாகத் தேயாது, சத்தமும் போடாது. ரோமத்துக்குள் மறைந்து, வளைந்து வளர்ந்து, சதைக்குள்ளேயே குத்திக்கொண்டுவிடும். இன்று மாலை சிட்டு உங்கள் மடியில் படுத்திருக்கும்போது ரோமத்தை விலக்கி இரண்டு கால்களிலும் பார்த்துவிடுங்கள். நுனி சதையைத் தொடாமல் இருந்தால் முதலில் வெட்ட வேண்டிய நகம் அதுதான். ஏற்கெனவே குத்தியிருந்தால் நீங்கள் கை வைக்காமல் நாளைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.