லெதரா, துணியா? ஜக்கெட்டுக்குக் காசு கட்டுமுன்

கேள்வி: அண்ணா, எனக்குக் களுவாஞ்சிகுடி. விற்பனைப் பிரதிநிதி வேலை. கிழமையில் ஆறு நாளும் மோட்டார் சைக்கிளில் கல்முனை, அக்கரைப்பற்று, சில நாள் பொத்துவில் வரைக்கும் ஓட்டம். சீட்டு எடுத்ததில் 90,000 ரூபா கையில் இருக்கிறது, இன்னும் எட்டு மாதம் கட்டவேண்டும். லெதர் ஜக்கெட் 85,000 சொல்கிறார்கள், துணி ஜக்கெட் 36,000. லெதர் வாங்கினால் ஆயுசுக்கும் போதுமாம். லண்டன் மச்சான் தன் பழைய லெதர் ஜக்கெட்டை அனுப்பட்டுமா என்றும் கேட்கிறார். என்ன செய்ய?

பதில்: தம்பி, துணியை வாங்குங்கள். ஆனால் ஜக்கெட்டோடு நிறுத்திவிடாதீர்கள், கைக்கும் காலுக்கும் கொஞ்சம் ஒதுக்கவேண்டும்.

லெதர் நல்ல பொருள், அதில் மறுப்பில்லை. 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத்தோல் தார் வீதியில் உரசும்போது தாங்குகிற அளவுக்குச் சாதாரண பொலியெஸ்டர் தாங்காது. விழுந்து தேய்ந்த துணி ஜக்கெட் அநேகமாக அதோடு சரி, லெதரைப் பிரித்துத் தைத்து இன்னும் போடலாம். ஆனால் நம்முடைய காலநிலையை யோசியுங்கள். சூடான கச்சான் காற்று அடிக்கிற நாளில், மதிய வெயிலுக்குள் கடை கடையாக ஏறி இறங்குகிற உங்களுக்கு அதைப் போட்டிருக்க முடியுமா? இரண்டாம் நாளே கழற்றிப் பின் சீட்டில் கட்டிவிடுவீர்கள். அப்புறம் ஐப்பசியில் மாரி தொடங்கினால், நனைந்த லெதர் காய நாட்கணக்காகும், கடும் வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும், அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் போகிற வலைத்துணி ஜக்கெட் என்றால் உள்ளே இருக்கிற, அடி தாங்குகிற பேட்டுகளைக் கழற்றிவிட்டு வாளியில் அலசிப் போட்டால் மறுநாள் காலை தயார். மழைக்கு மேலே ஒரு ரெயின்கோட் போதும்.

இப்போது கணக்கு. துணி ஜக்கெட்டை வருடத்துக்கு 250 நாள், நாலு வருடம் போட்டால் ஒரு நாளுக்கு 36 ரூபா. லெதரைக் குளிர்ச்சியான நாட்களில் மட்டும், வருடத்துக்கு 30 நாள் என்று பத்து வருடம் போட்டாலும் ஒரு நாளுக்கு 283 ரூபா விழுகிறது, மற்ற நாட்களெல்லாம் நீங்கள் சேர்ட்டோடுதான் ஓடுவீர்கள். ஆயுசுக்கும் போதும் என்பது அலுமாரியில் தொங்குவதற்கும் பொருந்தும்தானே.

கடையில் விலையைக் கேட்குமுன் உள்பக்கத் துணி லேபிளைப் பாருங்கள். சிஈ (CE) என்ற ஐரோப்பிய முத்திரையும், மோட்டார் சைக்கிள் உடுப்புக்கான தரமாகிய ஈஎன் (EN) 17092 என்ற எண்ணும் இருக்கவேண்டும், பக்கத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று தரம் போட்டிருக்கும். ஏஏஏ தான் உச்சம். துணியிலும் ஏஏ தரம் கிடைக்கிறது, உங்களைப் போல நீண்ட வீதியில் ஓடுகிறவர் அதைத் தேடுவது நல்லது. தோள், முழங்கை பேட்டுகளில், பேட்டுக்கான தரமாகிய ஈஎன் 1621 என்று அச்சடித்திருக்கும். முதுகுப் பக்கப் பையைத் திறந்து பேட்டை வெளியே எடுத்துப் பாருங்கள், பல ஜக்கெட்டுகளில் அங்கே வெறும் ஸ்பொஞ்ச் துண்டுதான் இருக்கும். அப்படியென்றால் நல்ல முதுகு பேட் ஒன்றைத் தனியாக வாங்கிப் போடுங்கள்.

காசு விஷயம். சீட்டு எடுத்தாயிற்று என்பதற்காக 90,000 முழுவதும் உங்கள் காசு ஆகிவிடாது தம்பி, மிச்ச எட்டு மாதக் கட்டுக்காசு அதற்குள் கடனாக இருக்கிறது. ஜக்கெட், கையுறை, முழங்கால் பேட், கணுக்காலை மூடுகிற சப்பாத்து எல்லாம் சேர்ந்து 60,000 தாண்டவேண்டாம், மீதியைத் தொடாதீர்கள். தவணைக்கு வாங்குவதும் நகை அடகு வைப்பதும் இதற்கு வேண்டவே வேண்டாம். ஒன்று கவனியுங்கள், கட்டாயமாக எடுக்கிற மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் சொந்தக் காயத்துக்கு ஒரு சதமும் தராது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஆனால் கை முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் உங்கள் கொமிசனை யார் தருவார்? அதற்காகத்தான் கையுறையை இவ்வளவு வற்புறுத்துகிறேன், விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுவான். மனைவி பின்னால் ஏறுவதென்றால் அவருக்கும் நல்ல ஹெல்மட் ஒன்று இந்தக் கணக்குக்குள் வரவேண்டும்.

மச்சானின் ஜக்கெட்டை உடனே வேண்டாம் என்று சொல்லவேண்டாம். லேபிளையும் முழங்கைப் பகுதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பேட் இல்லாத மெல்லிய பேஷன் லெதர் என்றால் அவரிடமே இருக்கட்டும். சரியான ரைடிங் ஜக்கெட் என்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது கையோடு கொண்டு வரட்டும், பார்சலில் அனுப்பினால் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து இலவசம் இலவசமாக இராது.