முழங்கால் பனியில் ஏ.டி.வி. ஓட்ட எந்த டயர்?

தம்பி, கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் உள்ள டிம்மின்ஸுக்கு வேலைக்கு வந்து இது முதல் குளிர்காலம் என்றும், ஊருக்கு வெளியே எடுத்த வீட்டிலிருந்து ஏரிக்கரை வரை போய்வர, காடுமேட்டில் ஓட்டும் நாலு சக்கர வண்டியான ஏ.டி.வி. ஒன்றைப் பழையதாக வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடையில் 28 அங்குலச் சேற்று டயர் போடச் சொல்கிறார்கள், முழங்கால் பனியில் அது இழுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நான் அதே பக்கத்திலுள்ள சட்பரிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அந்த டயரை வாங்காதீர்கள்.

என் முதல் குளிர்காலத்தில் நான் போட்டது அதே வகைதான். டயரில் துருத்தி நிற்கும் பட்டன் ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம், பார்த்தாலே நம்பிக்கை வரும். புதுப்பனி ஒன்றரை அடி கிடந்த ஒரு காலையில் வீட்டுக்குப் பின்னால் பைன் மரங்களுக்குள் வண்டியை இறக்கினேன். முப்பது அடி போயிருப்பேன், வேகம் தளர்ந்தது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பின்னால் தெறித்த பனி முதலில் வெள்ளையாக இருந்தது, அப்புறம் அதில் பைன் ஊசியும் கறுப்பு மண்ணும் கலந்து வந்தன. டயர் குழி பறித்து இறங்கிவிட்டது, வண்டியின் அடித்தட்டு பனிமேல் உட்கார்ந்துவிட்டது. மைனஸ் 24 டிகிரியில் குப்புறப் படுத்து அடியிலிருந்த பனியை வாரி வெளியே போட ஒன்றரை மணி நேரம் ஆனது.

சேற்றுக்கு அடியில் பெரும்பாலும் கெட்டித் தரை இருக்கும். நீளமான பட்டன் அதை எட்டிப் பிடித்து வண்டியைத் தள்ளும். ஆழப் பனியில் அந்தத் தரை எட்டும்போது அடித்தட்டு பனியில் தட்டிவிடும். அதனால் பனியில் டயர் தோண்டக் கூடாது, மிதக்க வேண்டும். நடவு வயலில் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுவார்களே, அதே கணக்கு. பாரம் பரந்து விழ வேண்டும்.

அப்படியென்றால் அகலமான, பக்கச்சுவர் மெத்தென்று மடங்கும், குளிரில் விறைத்துப்போகாத ரப்பரில் செய்த டயர். பட்டன் முக்கால் அங்குலம் இருந்தால் போதும், நடுவே இடைவெளி இருக்கட்டும், பனி அடைத்துக்கொள்ளாமல் உதிரும். ஐ.டி.பி. மட் லைட், மேக்ஸிஸ் பிக்ஹார்ன் போன்றவை இந்த வகை. முதலாவதன் பெயரில் சேறு இருந்தாலும் பட்டன் அளவானதுதான். உங்கள் டயரின் பக்கவாட்டில் 25x8-12 என்பதுபோல ஓர் எண் இருக்கும். உயரம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. பின் டயர் பெரும்பாலும் 10 அகலம். உயரத்தில் ஒரு அங்குலம் கூட்டலாம். 28க்குத் தாவினால் மட்கார்டில் உரசும், எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கும் சுமை. நாலையும் ஒரே செட்டாக மாற்றுங்கள், முன் பின் சுற்றளவு பொருந்தாவிட்டால் ஃபோர் வீல் டிரைவ் பாடுபடும்.

சரி, டயரைவிட முக்கியம் காற்று. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏ.டி.வி. டயரில் இருக்கும் காற்றழுத்தமே பெரும்பாலும் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. வரைதான். கார் டயருக்கு வைத்திருக்கும் மீட்டர் இந்த அளவைச் சரியாகக் காட்டாது. 0 முதல் 15 வரை உள்ள மீட்டர் ஒன்று தனியாக வாங்குங்கள். இன்னொன்று, 20 டிகிரி சூடுள்ள கராஜில் 5 வைத்துவிட்டு மைனஸ் 20ல் வெளியே நிறுத்தினால், அது தானாகவே இரண்டே காலுக்கு இறங்கிவிடும். கசிவு எதுவும் இல்லை, குளிரில் காற்று சுருங்குவதுதான். அதனால் வண்டியை வெளியே ஒரு மணி நேரம் விட்டபின் அளந்து பாருங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து ஆழப் பனிக்கு ஒன்று குறைக்கலாம். டயர் கீழே லேசாகப் பிதுங்கி, பதியும் தடம் அகலமாவது கண்ணுக்கே தெரியும். மூன்றுக்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். காட்டுக்குள் அதை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு.

வீட்டுப் பாதையில் பிளேடு மாட்டிப் பனி தள்ளுவதும் உண்டு என்றால் அது வேறு வேலை. அங்கே அடியில் தரை இருக்கிறது, டயரைச் சுற்றிச் செயின் போடுங்கள். போட்டபின், ஓட்டும்முன் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, பிரேக் குழாயில் செயின் தட்டுகிறதா என்று பாருங்கள்.

எந்த டயருக்கும் ஓர் எல்லை உண்டு. அடித்தட்டு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள், பத்து பன்னிரண்டு இருக்கும். இறுகாத பனி அதைவிட ஆழமாகக் கிடந்தால் டயரை நம்பி இறங்காதீர்கள். அதற்குச் சக்கரத்துக்குப் பதிலாக டிராக் எனும் ரப்பர் பட்டை மாட்ட வேண்டும், ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பனி பெய்யப் பெய்ய, அரையடி சேர்வதற்குள் ஏரிக்கரைப் பாதையில் ஒருமுறை போய்வந்துவிடுங்கள். நசுங்கிய பனி இரவோடு இரவாக இறுகி, காலையில் ரோடு மாதிரி இருக்கும். பாதையை விட்டு விலகாமல் ஓட்டினால் மார்ச் வரை அது தாங்கும்.

சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரை உடனே விட்டுவிடுங்கள். வந்த தடத்திலேயே பின்னால் வந்து, மெதுவாக மறுபடி ஏறுங்கள். மண்வெட்டி எப்போதும் வண்டியில் இருக்கட்டும். உங்கள் டயரில் உள்ள எண்ணையும் வண்டியின் மாடலையும் எழுதுங்கள், எந்த அளவு பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.