அடுத்த வீட்டுக் குப்பைத் தொட்டியும் எங்கள் வீட்டு நாயும்: கேள்வி பதில்

ரொறன்ரோவில் குப்பை லொறியோடு பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் ஒரு லாப்ரடோரும் இருக்கிறது. ஆகவே நாய் வைத்திருப்பவரின் கோபமும் தெரியும், தொட்டிக்குச் சொந்தக்காரரின் கோபமும் தெரியும். கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (மல்வேர்ன்): காலையில் நாயோடு நடக்கும்போது, வீதியோரம் நிற்கும் யாருடைய கிரீன் பின்னிலாவது நாய் மலம் அள்ளிய பையைப் போட்டுவிடுவேன். வடிவாக முடிச்சுப் போட்டுத்தான் போடுகிறேன். போன கிழமை ஒரு அம்மா யன்னலைத் திறந்து ஏசினார். நான் செய்தது பிழையா அண்ணை?

பதில்: பையைக் கட்டினீர்களா என்பது பாதிக் கேள்விதான் தம்பி. லொறி வர முன்னம் போட்டீர்களா, வந்து போன பிறகு போட்டீர்களா என்பது மற்றப் பாதி.

இங்கே தொட்டிகளை முதல் நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு வெளியே வைக்கலாம், காலை ஏழு மணிக்குள் வைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் நிறைந்து நிற்கும் பச்சைத் தொட்டியின் (சமையலறைக் கழிவு போடும் கிரீன் பின்) மேல் ஒரு சிறிய பை விழுந்தால், கொஞ்ச நேரத்தில் அது லொறிக்குள் போய்விடும். அதில் யாருக்கும் பெரிய நட்டமில்லை. அப்படி இருந்தும் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் நியாயம் கதைக்க வேண்டாம், அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுங்கள்.

லொறி போன பிறகு போடுவதுதான் வினை. வெறும் தொட்டியில் போட்ட பை நேரே அடிக்குப் போகும். பச்சைத் தொட்டி கிழமைக்கு ஒருமுறைதான் எடுக்கப்படும், சாதாரண குப்பைக்கான கறுப்புத் தொட்டி இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அந்த வீட்டுக்காரர் வேலையால் வந்து, உள்ளே பார்க்காமல் தொட்டியைக் கராஜுக்குள் இழுத்து வைப்பார். ஆடி மாத வெயிலில், மூடிய கராஜுக்குள் அந்தப் பை ஒரு கிழமை கிடந்தால் என்ன மணம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்தில் வேறு விதம். பை தொட்டியின் அடியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். லொறியின் கை தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்து இரண்டு தரம் உலுக்கும், அதற்கும் விழாவிட்டால் இறங்கிக் கிண்டிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. மாசியில் விழுந்த பை பங்குனி வரைக்கும் அங்கேயே இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

வீட்டுச் சுவரோடு நிற்கும் தொட்டியைத் தொடவே கூடாது. அதற்காக மற்றவர் வளவுக்குள் கால் வைக்க வேண்டிவரும்.

கேள்வி (அஜின்கோர்ட்): தொட்டி நகரத்தின் சொத்துத்தானே? வீடு மாறினால்கூட விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பிறகு "என் தொட்டி" என்று எப்படிச் சண்டைக்கு வரலாம்?

பதில்: சொத்து நகரத்தினுடையதுதான். கழுவுவது யார்? அந்த வீட்டுக்காரர்தான். கறுப்புத் தொட்டிக்கு அவர் காசும் கட்டுகிறார், சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவைப் பொறுத்து வருடக் கட்டணம். மூடி மூடாத அளவுக்கு மிஞ்சினால் பக்கத்தில் வைக்கும் பைக்குத் தனியாகக் கட்டணச் சீட்டு (டாக்) வாங்கி ஒட்ட வேண்டும். லொறியும் நகரத்தின் சொத்துத்தான், அதற்காக நீங்கள் ஏறி ஓட்டுவீர்களா?

கேள்வி (பிரம்டன்): ஸ்காபரோவில் இருக்கும் தமக்கை நாய்க் கழிவைப் பச்சைத் தொட்டியில் போடுகிறார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் அது கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் சரி. ஊருக்கு ஊர் சட்டம் வேறு, எங்கள் ஆட்கள் அடிபடுவதில் பாதி இதனால்தான்.

ஸ்காபரோ அடங்கிய ரொறன்ரோவில் நாய் மலம், பூனை மண், குழந்தைகளின் டயப்பர் எல்லாம் பச்சைத் தொட்டிக்கே. சாதாரண பிளாஸ்டிக் பையோடு போடலாம். டிஸ்கோ வீதியிலும் டஃபரினிலும் இருக்கும் ஆலைகளில் முதலில் பைகளைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். மிச்சத்தைக் காற்றில்லாத தாங்கிகளில் நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கிறார்கள். ஆகவே கடையில் கூடுதல் விலைக்கு விற்கும் "மக்கும் பை" வாங்கினால்தான் நல்லவர் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பையும் மற்றப் பைகளோடு சேர்ந்து பிரிந்து குப்பைக்குத்தான் போகும். தடிப்பான, ஓட்டை விழாத பையை வாங்குங்கள், அது அயலுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

பிரம்டன், மிசிசாகா இருக்கும் பீல் பிரதேசத்தில் அது சாதாரண குப்பையோடு போக வேண்டும். மார்க்கத்தில் பச்சை. ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கம் 2024 வரைக்கும் குப்பைக்குத்தான் போனது, இப்போது அங்கேயும் பச்சை. தமக்கை வீட்டுக்கு நாயோடு போனால் அவருடைய முறை, உங்கள் ஊரில் உங்கள் முறை.

மீள்சுழற்சிக்கான நீலத் தொட்டியில் மட்டும் எந்த ஊரிலும் போடாதீர்கள். ஒரு பை உடைந்தால் சுற்றியிருக்கும் கடதாசி எல்லாம் வீண்.

கேள்வி (ஏஜாக்ஸ்): நடக்கும்போது பையை மரத்தில் கொழுவிவிட்டு, திரும்பி வரும்போது எடுப்பது சரியா?

பதில்: திரும்பி வரும்போது எடுப்பவர்களைக் கண்டது குறைவு. கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி (ஸ்காபரோ, மார்னிங்சைட்): எங்கள் வாசல் கமெராவில் ஒருவர் நாய் விட்டதை அள்ளாமல் போவது வடிவாகப் பதிவாகியிருக்கிறது. நாலு வீடு தள்ளி இருப்பவர்தான். வீதி வட்ஸ்அப் குழுவில் போடட்டா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. மற்றவர் இடத்தில் நாய் போனால் அந்த இடத்திலேயே உடனே அள்ள வேண்டும், அது நகரச் சட்டம். ஆனால் அந்த வீடியோ குழுவில் போன பிறகு கதை மலத்தைப் பற்றியதாக இருக்காது. அவர் மனைவி பதில் எழுதுவார், அவர் மச்சான் பதில் எழுதுவார், உங்கள் வீட்டு மரத்தின் இலை அவர்கள் பக்கம் விழுவதும் அதற்குள் வரும். அடுத்த கோடைக்கும் இழுபடும்.

ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நிற்கும்போது போய்ச் சொல்லுங்கள். "அண்ணை, காலையில் உங்கட நாய் எங்கட வாசலில் போயிருக்கு, நீங்கள் காணேல்லைப் போல" என்று தொடங்கலாம். காணவில்லை என்று ஒரு வழி விட்டுக் கொடுத்தால் மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக இறங்கி வருவார். கமெரா இருக்கிறது என்பதை முதல் தரம் சொல்லாதீர்கள். இரண்டாம் தரமும் நடந்தால் சொல்லலாம். மூன்றாம் தரம் நகரசபையின் முறைப்பாட்டு இலக்கமான 311-க்கு அழையுங்கள், திகதி, நேரம், வீட்டு இலக்கம் எழுதி வைத்திருந்தால் அப்போது உதவும்.

இன்னொன்று. சிலர் அந்த மலத்தை அள்ளிக் கொண்டுபோய் அவர் வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். செய்தீர்கள் என்றால் கமெராவில் இருப்பது நீங்களாக இருக்கும்.

கேள்வி (மார்க்கம்): கோடையில் அம்மா கறிவேப்பிலைச் சாடியை முன் வாசலில் வைப்பார். போகிற வருகிற நாயெல்லாம் அதில்தான் காலைத் தூக்குகிறது. இலையைச் சமையலுக்கு எடுக்க மனம் வரவில்லை. மிளகாய்த் தூள் போடலாமா?

பதில்: அம்மாவின் மனவருத்தம் விளங்குகிறது. உறைபனிக்குப் பயந்து மாதக்கணக்காக வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய மரம் அது.

மிளகாய்த் தூள் வேண்டாம், நாயின் மூக்கும் கண்ணும் எரியும். நாப்தலின் உருண்டையும் வேண்டவே வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. சாடியை ஒரு பலகையிலோ படியிலோ இடுப்பளவுக்கு உயர்த்தி வையுங்கள். நாய் ஏற்கனவே மணம் விட்ட இடத்துக்குத்தான் திரும்பி வரும், ஆகவே சாடி நின்ற இடத்தைச் சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இலையை நன்றாகக் கழுவினால் சமைக்கலாம், அம்மாவுக்கு மனம் ஒப்பாவிட்டால் புதுத் துளிர் வரும் வரைக்கும் விடுங்கள்.

நாய்க்காரருக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் நாய்க் கயிறு இரண்டு மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. இழுத்தால் நீண்டுகொண்டே போகும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போன் பார்ப்பவருடைய நாய்தான் மற்றவர் சாடிக்குப் போகும். நடைபாதைக்கும் வீதிக்கும் இடையில் இருக்கும் புல் பட்டை நகரத்து நிலம். நாய் அங்கே போகட்டும். ஆனால் அந்தப் புல்லை வெட்டுவது வீட்டுக்காரர்தான், அதனால் அங்கேயும் அள்ளத்தான் வேண்டும்.

கேள்வி (ஸ்காபரோ): ஊரில் மாட்டுச் சாணம் எரு. நாயுடையதும் மண்ணில் மக்கிப் போகும்தானே? ஐயா அள்ளத் தேவையில்லை என்கிறார், பின் வளவில் கத்தரியும் வெண்டியும் வேறு இருக்கிறது.

பதில்: ஐயாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாடு புல் தின்னும், நாய் இறைச்சி தின்னும். நாயின் குடலில் வட்டப் புழு இருந்தால் அதன் முட்டை மலத்தோடு மண்ணுக்குப் போய் வருடக்கணக்காக உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடும் பேரப்பிள்ளை கையை வாயில் வைத்தால் போதும். கத்தரிப் பாத்தி பக்கம் நாயை விடவே வேண்டாம். கால்நடை வைத்தியரிடம் புழு மருந்தும் ஒழுங்காக எடுங்கள்.

வீதியோரக் கம்பி வலை வாய்க்காலுக்குள் தள்ளிவிடுவதும் பிழை. அந்த மழைத் தண்ணீர் பெரும்பாலும் சுத்தம் செய்யப்படாமல் ஹைலண்ட் ஓடை, ரூஜ் ஆறு வழியாக ஒன்ராரியோ ஏரிக்குப் போகும். நாங்கள் குடிக்கும் தண்ணீரும் அந்த ஏரியில் இருந்துதான் வருகிறது.

கேள்வி (ஸ்காபரோ): பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் நாயால்தான் கறுப்புத் தொட்டி நிறைகிறது, இனிப் பெரிய தொட்டி எடுக்க வேண்டும், அந்தக் காசை நீங்கள் தாருங்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

பதில்: நாய்ப் பையைப் பச்சைத் தொட்டிக்கு மாற்றுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அடுத்த கிழமை கறுப்புத் தொட்டியை இரண்டு பேருமாகத் திறந்து பாருங்கள். அனேகமாக உள்ளே இருப்பது சோற்று மிச்சமும் மரக்கறித் தோலுமாக இருக்கும், அதுவும் பச்சைக்குத்தான் போக வேண்டியது. யாருடைய வீட்டு மரக்கறித் தோல் என்று நான் சொல்லப் போவதில்லை.

கேள்வி (நோர்த் யோர்க், அடுக்குமாடி): குப்பைக் குழாயில் நாய்ப் பையைப் போடலாமா? பத்தாம் மாடியில் இருக்கிறோம்.

பதில்: பத்தாம் மாடியில் இருந்து விழும் மெல்லிய பை கீழே போய் வெடிக்கும். அதைக் கழுவுபவரும் ஒரு வீட்டுத் தகப்பன்தான். கட்டடத்துக்குக் கீழே பச்சைத் தொட்டி இருந்தால் கையோடு கொண்டு போங்கள், எப்படியும் நாயோடு கீழே இருந்துதானே வருகிறீர்கள். பல்கனியில் நாயை விடும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள், கீழ் வீட்டுக்காரர் உடுப்புக் காயப் போடுகிறார்.

கேள்வி (ஸ்காபரோ): பனிக்குள் புதைந்து போனால் எப்படி அள்ளுவது? வசந்தம் வரட்டும் என்று விடலாமா?

பதில்: பனி உருகும்போது மூன்று மாதத்துக் கணக்கும் ஒரே நாளில் வெளியே வரும், வீதி முழுக்க உங்கள் வீட்டைத்தான் பார்க்கும். நாய் போகும் முன்னமே ஒரு மூலையில் சவளால் பனியைத் தள்ளி இடம் விடுங்கள். நாய் அங்கேயே பழகும். சூடாக இருக்கும்போதே அள்ளினால் சுகம், உறைந்த பிறகு புல்லோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (மல்வேர்ன்): முன் வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா, "எப்போதும் என் பச்சைத் தொட்டியில் போடு, பரவாயில்லை" என்று சொல்லியிருக்கிறார். உண்மையாகவே போடலாமா, இல்லை மரியாதைக்குச் சொல்கிறாரா?

பதில்: வாயால் சொன்னவர் மனதாரச் சொன்னதாகவே எடுங்கள். இரண்டு முடிச்சுப் போட்டுப் போடுங்கள். தொட்டி வெளியே நிற்கும் நாளில் மட்டும், லொறி வர முன்னம் மட்டும். ரக்கூன் திறக்காதபடி மூடியைப் பூட்டிவிட்டு வாருங்கள். தொட்டிகளுக்கு இடையில் அரை மீற்றர் இடைவெளி இல்லாவிட்டால் லொறியின் கைக்கு எட்டாது, பனி நாட்களில் அவருக்கு அதைச் சரி செய்வது கஷ்டம், நீங்கள் தள்ளி வையுங்கள். லொறி போன பிறகு அவருடைய தொட்டியையும் சேர்த்து உள்ளே இழுத்து விடலாம்.