ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வந்தால் நோயா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "இது நார்மலா, இல்லையா?" வயது, சாப்பிடும் மருந்து, ரத்தம் எடுத்த நேரம் எதுவும் எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் பதில் சொல்ல வழியில்லை. தாளுக்கு வைத்தியம் கிடையாது, ஆளுக்குத்தான்.

எனக்கு 41 வயது. தைராய்டு சோதனையில் டிஎஸ்ஹெச் 5.6, டி4 சரியாக இருக்கிறது. தொந்தரவு எதுவுமில்லை. மாத்திரை தொடங்கவா? (தேவகோட்டை)

அவசரமில்லை. 2, 3 மாதம் கழித்து டிஎஸ்ஹெச், டி4 இரண்டையும் திரும்பப் பாருங்கள். கூடவே தைராய்டு எதிர்ப்பணுச் சோதனையும். டிஎஸ்ஹெச் 10-க்குக் கீழே, தொந்தரவில்லை என்றால் பெரும்பாலும் கவனித்து வந்தாலே போதும். கர்ப்பம், அல்லது அதற்கான திட்டம் இருந்தால் கணக்கே வேறு, உடனே டாக்டரைப் பாருங்கள். முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிட்டால், ரத்தம் எடுப்பதற்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அது ரிசல்ட்டைக் குழப்பும்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து 70 சோதனை செய்தார்கள். 5 சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. பொட்டாசியம் 5.6, புற்றுநோய்க்கான சிஏ 125 என்பது 48. எனக்கு 34 வயது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. (கானாடுகாத்தான்)

உங்கள் மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது நோய் இல்லை, அந்தப் பேக்கேஜ். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

நார்மல் ரேஞ்ச் எப்படி வருகிறது? நன்றாக இருக்கும் நூற்றுச் சொச்சம் பேரிடம் ரத்தம் எடுத்து, அளவுகளை வரிசையாக அடுக்கி, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் கழித்துவிடுவார்கள். நடுவில் நிற்பதுதான் ரேஞ்ச். அப்படியானால் ஒவ்வொரு சோதனையிலும் நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே 100-க்கு 5 பேர் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். 20 சோதனை செய்தால் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒன்று சிவப்பில் வரும். 70 செய்தால் 3, 4 வருவதுதான் இயல்பு. உங்களுக்கு 5 வந்திருக்கிறது.

சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இந்தக் கணக்கில் சேராது. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்ற கோடு, அதற்கு மேலே போனவர்களுக்குக் கண் விழித்திரை கெடுவதைப் பார்த்து வைத்தது. அதை அலட்சியம் செய்யக் கூடாது.

இனி பொட்டாசியம். காலை 7 மணிக்கு எடுத்த ரத்தம் வெயிலில் பைக்கில் சுற்றி மத்தியானம் லேபுக்குப் போய்ச் சேர்ந்தால், சிவப்பணு உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். கையை இறுக்கக் கட்டி, விரலை மடக்கி நீட்டச் சொல்லி எடுத்தாலும் ஏறும். ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காவிட்டால் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைப் பார்த்துவிட்டு "சுகர் இல்லை" என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு. லேபுக்கே நேரில் போய் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினினையும் நாளைக்கே திரும்பப் பாருங்கள். மறுபடி 5.5-க்கு மேல் வந்தால் அன்றே டாக்டர்.

சிஏ 125 மாதவிலக்கு நாளில் கூடும். கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), கர்ப்பம் எல்லாவற்றிலும் கூடும். 34 வயதில், தொந்தரவில்லாத பெண்ணுக்கு அதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. நன்றாக இருப்பவருக்கு இப்படிக் கேட்காமலே புற்றுநோய்க் கட்டியைத் தேடும் ரத்தச் சோதனை பார்த்து, பயமுறுத்தி, ஸ்கேனுக்கும் சிடிக்கும் விரட்டுவது அநியாயம். மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம் கழித்து வயிற்று அல்ட்ராசவுண்ட் ஒன்று எடுங்கள். அது சரியாக இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 50 தாண்டிய பெண்ணுக்குத் தொடர்ந்து வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துபோவது இருந்தால் விஷயம் வேறு. அவர் கட்டாயம் காட்ட வேண்டும்.

ஹீமோகுளோபின் 9. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 6.6. டயபடீஸா? (புதுவயல்)

இதை வைத்துச் சொல்ல முடியாது. இரும்புச்சத்துக் குறைவு அந்த அளவைப் பொய்யாக ஏற்றும். வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். ரத்தசோகை ஏன் வந்தது என்பதையும் தேடுங்கள்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் 152/94, வீட்டில் 128/80. எதை நம்புவது? (பள்ளத்தூர்)

ஒழுங்காகப் பார்த்திருந்தால் வீட்டு அளவை. முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை வெற்றுக் கையில், நெஞ்சு மட்டத்தில். பேசக் கூடாது, பேசினால் 10 ஏறும். அதற்கு முந்தைய அரை மணியில் காபி வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பொய்யாக ஏற்றிக் காட்டும். காலை இரண்டு, மாலை இரண்டு என ஒரு வாரம் எழுதி, முதல் நாளைத் தள்ளி, சராசரி எடுங்கள். வீட்டு அளவுக்குக் கோடு 135/85. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பையன் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. செல்போனில் டெஸ்ட் போட்டுப் பார்த்தோம், ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) என்று வந்தது. மாத்திரை பெயர் எழுதவும். (காரைக்குடி)

வயதே எழுதவில்லை! 4 வயதுப் பிள்ளை உட்காராமல் இருப்பது நோயா? அறிகுறி 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதம் நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி இரண்டிலும் தெரிய வேண்டும், படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்க வேண்டும். பள்ளியில் டீச்சரிடம் கேட்டீர்களா? கண், காது, தூக்கம் மூன்றையும் பார்த்துவிட்டுக் குழந்தை மனநல மருத்துவரிடம் போங்கள். மாத்திரை பெயர் எழுத மாட்டேன்.

அத்தைக்கு ஆடி மாதம் அம்மன் கோயிலில் அருள் வரும். மூளைக் கோளாறு என்று மருமகள் சொல்கிறாள். (நாட்டரசன்கோட்டை)

கோயிலில், திருவிழாவில், ஊர் ஏற்கும் முறையில் வந்து, தண்ணீர் குடித்துச் சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிட்டால் நோய் இல்லை. உலக நோய் வகைப்பாடே அப்படித்தான் சொல்கிறது. சாதாரண நாளில், விருப்பமில்லாமல் வந்து வாழ்க்கையைக் கெடுத்தால்தான் கோளாறு. நாக்கைக் கடித்தால், உடையில் சிறுநீர் போனால் வலிப்பா என்று நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற நாளிலும் குரல் கேட்கிறது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்றால் மனநல மருத்துவரிடம். அப்போது கோயிலில் கட்டிப்போடும் பேச்சே கூடாது. 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் போனார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

ஆத்தா தவறி 4 மாதம். அப்பச்சி போட்டோவோடு பேசுகிறார், அழுகிறார். மன அழுத்தமா? (கோட்டையூர்)

பேசட்டும், அழட்டும். துக்கம் அலை அலையாக வரும். பேரப்பிள்ளை வந்தால் முகம் மலரும். மன அழுத்தம் அப்படி விலகாது: 2 வாரமாக நாள் முழுக்க மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் போய், "நான் எதற்கும் உதவாதவன்" என்பார். அப்படியானால் 4 மாதம்தானே என்று காத்திருக்காதீர்கள். "நானும் போய்விடலாம்" என்றால் அன்றே மருத்துவரிடம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தூங்கட்டும் என்று நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்பத்தாவுக்கு 80. இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் இரவு வளவில் (வீட்டு முற்றத்தில்) ஆள் நிற்பதாகச் சொல்கிறார், ஊசியைப் பிடுங்குகிறார். காலையில் சரியாகிவிடுகிறார். பைத்தியமா? (கண்டனூர்)

இல்லை, இது உடம்பு நோய், அவசரமும்கூட. திடீரென வந்து, ஏறி இறங்கும் மனக்குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு, வலி, மலச்சிக்கல், புதிய மருந்து ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். காலையில் தெளிந்தார் என்று விடாதீர்கள். இரவு நடந்ததை டியூட்டி டாக்டரிடம் நேரத்தோடு சொல்லுங்கள். கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுங்கள், பகலில் வெளிச்சம் படட்டும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கையைக் கட்ட வேண்டாம்.