நாலு மாதப் பிள்ளையோட வேலைக்குத் திரும்புறன். உடற்பயிற்சிக்கு எங்க நேரம் எடுக்கிறது?

கேள்வியில நீங்கள் சொன்னதை வைச்சு எழுதுறன்: சிசேரியன், பிள்ளைக்கு நாலு மாதம், அடுத்த கிழமை வேலை தொடங்குது. விடிய 7.30க்கு வெளிக்கிட்டால் பின்னேரம் 5 மணிக்குத்தான் வீடு. பிள்ளையை அம்மம்மா பாப்பா. ஜிம்மில சேருவமோ எண்டு யோசினை, சேர்ந்தால் பால் வத்திப்போகுமோ எண்டு பயம்.

முதல் பயத்தை முடிப்பம். அளவான உடற்பயிற்சியால பால் குறையாது. மார்பில பால் தேங்கி நிண்டால்தான் குறையும். வேலைக்குப் போற தாய்மாருக்குப் பால் வத்துறது பெரும்பாலும் ஒஃபிசில ஏழெட்டு மணித்தியாலம் எடுக்காமல் விடுறதாலதான், நடந்ததால இல்லை. பயிற்சிக்கு முன்னம் பால் குடுத்துப்போட்டு, இறுக்கிப் பிடிக்காத, ஆனால் நல்லாத் தாங்கிற உள்ளாடையோட செய்தால் போதும்.

இனி ஒழுங்கு. அடியில இருந்து மேல வரவேணும்: இடுப்புத்தளம் (சலப்பையையும் கருப்பையையும் கீழ இருந்து தாங்கிற தசை), வயிறு, முதுகு, பிறகு நடை, கடைசியாத்தான் ஓட்டமும் பாரமும். கன பேர் கடைசியில இருந்து தொடங்கிப்போட்டு, தும்மேக்க சலம் போகுது எண்டு அந்தரப்படுகினம். சிசேரியன்தானே, கீழ ஒண்டும் ஆகேல்லை எண்டு நினைக்காதேங்கோ. ஒன்பது மாதப் பாரத்தைத் தாங்கினது அந்தத் தசைதான்.

இடுப்புத்தளத்துக்கு: காத்தையும் சலத்தையும் ஒரே நேரத்தில அடக்கிற மாதிரி உள்ளுக்கு இழுத்து மேல தூக்குங்கோ. 5 செக்கன் பிடிச்சு, 5 செக்கன் முழுசா விடவேணும். 8 இலிருந்து 10 தரம், ஒரு நாளைக்கு மூண்டு முறை. சில கிழமையில 10 செக்கனுக்குக் கூட்டலாம். பிழைக்கிற இடங்கள் மூண்டு: மூச்சை அடக்கிறது, பின்பக்கத்தை இறுக்கிறது, விட வேண்டிய நேரம் விடாமல் இருக்கிறது. சலம் போகேக்க இடையில நிப்பாட்டிப் பழகாதேங்கோ, சலப்பை முழுசா வெறுமையாகாது. இதுக்குத் தனி நேரம் தேவையில்லை. பால் குடுக்கேக்க ஒருக்கா, பஸ்ஸில ஒருக்கா, படுக்கைக்குப் போகேக்க ஒருக்கா.

வயிறு: மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேல இரண்டு விரலைக் குறுக்கால வைச்சுக்கொண்டு தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கோ. நடுவில பள்ளம் தெரிஞ்சு இரண்டு விரலுக்கு மேல உள்ள போனால், வயித்துத் தசை இரண்டும் இன்னும் கிட்ட வரேல்லை. வயிறு நடுவில கூடாரம் மாதிரி எழும்பினாலும் அதே கதைதான். அந்தக் கூடாரம் வாற எந்தப் பயிற்சியும் உங்களுக்கு இப்ப கூடாது. படுத்துக் கிடந்து எழும்பி இருக்கிறது, பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊண்டி உடம்பை நேராப் பிடிக்கிறது) எல்லாம் அதுக்குள்ள வரும். கட்டிலால எழும்பேக்கயும் நேர எழும்பாமல் ஒருக்களிச்சு, கையை ஊண்டி எழும்புங்கோ.

செய்யக்கூடியது: அதே படுக்கையில மூச்சை வெளிய விட்டுக்கொண்டு அடிவயித்தை மெல்ல உள்ள இழுத்து, ஒரு குதிக்காலைப் பாயில உரசிக்கொண்டு நீட்டி மடக்கிறது, ஒரு காலுக்கு 10. நாரியைப் பாயோட அமத்தி விடுறது 10. இடுப்பைத் தூக்கி இறக்கிறது 10. எல்லாத்துக்கும் ஏழெட்டு நிமிசம் வரும். பிள்ளையைக் குப்புறப் போடுற நேரம் பக்கத்தில பாய் போட்டுச் செய்தால், பிள்ளையின்ர பயிற்சியும் உங்கட பயிற்சியும் ஒண்டாய் முடியும். தழும்பைச் சுத்தி விறைப்பு மாதக்கணக்கில இருக்கிறது வழமை. நல்லா மாறின தழும்பை இரண்டு விரலால சின்ன வட்டமா ஒரு ஐஞ்சு நிமிசம் உருவி விடலாம். சிவந்து, சுடு கண்டு, ஊனம் வடிஞ்சால் டொக்டர்.

முதுகும் கையும்தான் வேலை தொடங்கினால் அழும். பகல் முழுக்கக் கதிரை, இரவு குனிஞ்சு பால். சுவரில கையை ஊண்டித் தள்ளுறது 10, 1.5 லீற்றர் போத்தலில தண்ணி நிரப்பி முழங்கையைப் பின்னுக்கு இழுக்கிறது பக்கத்துக்கு 10. பெருவிரல் அடியில, மணிக்கட்டுப் பக்கம் நோவெண்டால் பிள்ளையைத் தூக்கிற விதம் பிழை. பெருவிரலை விரிச்சுக் கமக்கட்டுக்க குடுத்துத் தூக்காமல், உள்ளங்கையைக் கீழ குடுத்து அள்ளித் தூக்குங்கோ.

நடை: உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி பிள்ளை பெத்த தாய்மாருக்குச் சொல்லுறது கிழமைக்கு 150 நிமிசம். ஒரே முறையா நடக்கத் தேவையில்லை, பத்துப் பத்து நிமிசமும் கணக்கில வரும். கதைக்க ஏலும், பாட ஏலாது எண்ட அளவு வேகம். பஸ் தரிப்பிடம் ஒண்டு முன்னம் இறங்கினால் பத்து நிமிசம் வரும். சனி ஞாயிறு விடிய 5.30க்கும் 6.30க்கும் இடையில, யாழ்ப்பாணமெண்டால் பண்ணைப் பக்கமோ நல்லூர் வீதியைச் சுத்தியோ போகலாம். எங்கட வெயிலுக்கு 7 மணிக்குப் பிறகு நடக்கிறது பயிற்சி இல்லை, தண்டனை. சங்கிலியை வீட்டில கழட்டி வைச்சுப்போட்டுப் போங்கோ.

தள்ளுவண்டிலில பிள்ளையைக் கொண்டு போகலாம்தானே எண்டு வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் எழுதுவினம். எங்க தள்ளுறது? நடைபாதை இருக்கிற இடத்தில மோட்டச்சைக்கிள் நிக்கும், இல்லாட்டிக் கடைக்காரரின்ர வாழைக்குலை தொங்கும், அதுவும் இல்லாட்டி மூடியில்லாத வாய்க்கால். ஒழுங்கைக்குள்ள கல்லும் குழியும். ஒரு ஊரில தாயும் பிள்ளையும் அரை மைல் பயமில்லாமல் நடக்க வழி இல்லையெண்டால், பொம்பிளையள் உடம்பைப் பாக்கினம் இல்லை எண்டு ஆரும் கதைக்கக் கூடாது. சரி, கேள்விக்கு வாறன்.

உங்கட பயிற்சி நேரத்தைத் தீர்மானிக்கப் போறது பால்தான். வெளிக்கிட முன்னம் 7.15க்கு ஒருக்காக் குடுங்கோ. ஒஃபிசில 10.30க்கும் 1.30க்கும் எடுங்கோ, வந்த உடன குடுங்கோ. இலங்கையின்ர மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில, ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குப் பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை இருக்கு. வேலைத்தலத்தில பிள்ளை பாக்கிற இடம் இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒரு மணித்தியாலம். அரசாங்க வேலைக்கு விதி வேற. உங்கட வேலை எதுக்குள்ள வருது எண்டதைத் தொழில் திணைக்களத்தில கேட்டுப்போட்டு மனேச்சரோட கதையுங்கோ. கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ. கழிப்பறைக்குள்ள நிண்டு பால் எடுக்கிறதுக்குத்தான் வெக்கப்பட வேணும், அதுவும் நீங்கள் இல்லை.

எடுத்த பால் 25 பாகை வரைக்கும்தான் வெளிய 4 மணித்தியாலம் நிக்கும். எங்கட சூட்டுக்கு அந்தக் கணக்கை நம்பாமல் உடன ஐஸ் பொதியோட பெட்டிக்க வையுங்கோ, அதில 24 மணித்தியாலம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில 4 நாள், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளுக்கு. அடுப்பில சூடாக்கக் கூடாது, சுடுதண்ணிக் கோப்பைக்க போத்தலை வைக்கிறதுதான். அம்மம்மாவுக்கு இதை முதலே சொல்லிப்போடுங்கோ: வைச்ச பாலில ஆடை மேலயும் தண்ணி கீழயுமாப் பிரிஞ்சு நிக்கும், அது பழுதில்லை, மெல்லச் சுழட்டினால் சேரும். சொல்லாட்டி ஊத்திப்போடுவா. ஒஃபிசில நிண்டு எடுத்த பாலை ஊத்தினா எண்டு கேட்டால் கோவம் வரும், அந்தக் கோவத்தில பயிற்சியும் இல்லை ஒண்டும் இல்லை.

சாப்பாட்டில ஒரு சொல். பால் குடுக்கிற தாய்க்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 500 கலோரி கூடத் தேவை. சரக்குக்கறி, மீன், முட்டை, முருங்கையிலை வறை எல்லாம் நல்லது. தண்ணி குடிச்சால் வயிறு வைக்கும் எண்டு விடாய்க்க விடுறதுதான் கூடாது. மெலியிறதெண்டால் கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல வேண்டாம். கிளினிக்கில தாற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடயும் கல்சியத்தோடயும் சேத்துப் போடாதேங்கோ, உடம்பில பிடிக்காது.

இரவு நாலு தரம் எழும்பினால் அடுத்த நாள் விடியப் பயிற்சி இல்லை, நித்திரைதான். 9 மணியில இருந்து 1 மணி மட்டும் பிள்ளை உங்கட மனுசன்ர பொறுப்பு, எடுத்து வைச்ச பால் இருக்கு எண்டு பிரிச்சுக் குடுங்கோ. "உதவி செய்யுங்கோ" எண்டு பொதுவாச் சொன்னால் நடக்காது, மணியைச் சொல்ல வேணும். இரண்டு கிழமைக்கு மேல அழுகையும் வெறுப்புமா இருந்தால் அது களைப்பு மட்டும் இல்லை. குடும்பநல உத்தியோகத்தரிட்டச் சொல்லுங்கோ, மனநல உதவி இலக்கம் 1926க்கும் எந்த நேரமும் எடுக்கலாம்.

எங்கட அம்மாமார் ஜிம்முக்கோ போனவை எண்டு ஒருத்தர் கீழ வந்து எழுதுவார், தெரியும். அவைக்கு 31 நாள் துடக்கு மட்டும் வேது பிடிச்சு, தண்ணி வாத்து, சமைச்சுக் குடுக்க வீடு நிறையச் சனம் இருந்தது. எட்டு மணிக்குக் கைரேகை வைக்கிற மெசின் இருக்கேல்லை. கருப்பை இறங்கி வருசக்கணக்கா ஆருக்கும் சொல்லாமல் இருந்த அம்மாமாரும் அதே வீடுகளிலதான் இருந்தவை.

நிப்பாட்ட வேண்டிய அறிகுறிகள்: திரும்ப இரத்தம் போறது, கீழ பாரம் இறங்கிற மாதிரி இருக்கிறது, சலம் ஒழுகிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால், நெஞ்சு நொந்தால், மூச்சு முட்டினால் பயிற்சிக் கதை இல்லை, உடன 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ.

ஜிம்முக்கு அவசரமில்லை. 30 நிமிசம் ஒழுகாமல் நடக்கவும், ஒற்றைக்காலில 10 செக்கன் நிக்கவும், ஒரு காலில 10 தரம் துள்ளவும் நோவில்லாமல் ஏலுமெண்டால் ஓடலாம், பாரம் தூக்கப் பழகலாம். அப்பவும் மாதக் காசு கட்ட முன்னம், நாலு மாதத்துக்கு முன்னம் சிசேரியன் எண்டு சொல்லி, முதல் நாள் என்ன செய்யத் தருவீங்கள் எண்டு பயிற்றுநரிட்டக் கேளுங்கோ. வயிறு குறைய முதல் நாளே படுத்து எழும்பிற பயிற்சி ஐம்பது எண்டு மறுமொழி வந்தால், காசைக் கையிலயே வைச்சுக்கொண்டு வீட்டை வாங்கோ.